இலையுதிர் காட்டில் கேமரா

டொரன்டோவில் குடியிருக்கும் எங்களுக்கு செப்டம்பர் கடைசி வந்தால் அல்கான்குவின் பூங்காதான். காரில் சுமார் 3 மணி நேரம். 1893-லிருந்தே பாதுகாக்கப்படும் காடு. மேப்பிள் இலைகள் குங்குமமாய்ச் சிவந்து நிற்பதைப் பார்க்கணுமே!

அங்கே சிப்மங்க் என்று ஒன்று. நம் ஊர் அணில் மாதிரியே முதுகில் கோடுகள். கன்னம் உப்ப விதைகளை அடக்கிக்கொண்டு வளைக்கு ஓடும். நாம் வெயில் காலத்தில் வடாம் போட்டு வைப்பதுபோல, அதுக்குப் பனிக்காலச் சேமிப்பு!

மூஸிடம் மட்டும் விளையாட்டு வேண்டாம், சகோதரிகளே. மான் இனத்திலேயே பெரியது. ஆண் மூஸின் தோள் உயரமே 6 அடி வரும். இது அவை ஜோடி தேடும் காலம். சட்டென்று கோபம் வரும். "கிட்டப் போய் எடுக்கலாம்மா" என்று எங்க சின்னவன் ஒரே அடம். அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கார் பக்கத்திலிருந்தே எடுத்தேன். காது பின்னால் மடங்கி, பிடரி மயிர் சிலிர்த்தால் உடனே விலகிவிட வேண்டும். குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் போகவே கூடாது.

தின்பண்டமும் போடாதீங்க. ருசி கண்ட மிருகம் பயம் விட்டுச் சாலைக்கு வரும், வண்டியில் அடிபடும்.

படம் சின்னதாய் விழுந்தால் என்ன? பிள்ளையும் பத்திரம், மிருகமும் பத்திரம்.