கேட்காமல் பார்முலாவை மாற்றலாமா எக்ஸெல்?

எக்ஸெல்லில் வீட்டுச் செலவுக் கணக்கு எழுதுகிறீர்கள். பி2 முதல் பி11 வரை பத்துச் செலவுகள். பி12 செல்லைக் காலியாக விட்டு, பி13ல் =சம்(பி2:பி11) என்று பார்முலா கொடுத்திருக்கிறீர்கள். ஒருநாள், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கைமாற்றாகக் கொடுத்த 2,000 ரூபாயை பி12ல் குறித்து வைக்கிறீர்கள். அது செலவு அல்ல, திரும்பி வர வேண்டிய பணம். ஆனால் மொத்தத்தில் 2,000 கூடிவிடுகிறது. பார்முலா பாரைப் பார்த்தால் பி11 இருந்த இடத்தில் பி12 உட்கார்ந்திருக்கிறது.

வைரஸ் எதுவும் இல்லை. பைலும் கெட்டுப் போகவில்லை. பட்டியலின் கடைசி எண்ணை ஒட்டி இன்னொரு எண்ணை டைப் செய்தால், அதுவும் பட்டியலைச் சேர்ந்ததுதான் என்று எக்ஸெல் தானே முடிவு செய்து ரேஞ்சை நீட்டிவிடுகிறது. எக்ஸெல் 2000 தொகுப்பில் வந்த வசதி இது. இன்றும் நாம் கேட்காமலேயே இயங்கும் நிலையில்தான் தரப்படுகிறது.

பார்முலா மாறும்போதெல்லாம் இதன் மேல் பழி போட முடியாது. ஒரு செல்லை கட் செய்து வேறு இடத்தில் பேஸ்ட் செய்தால், அதைக் குறிக்கும் பார்முலாவும் மாறும். நடுவில் ஒரு வரிசையைச் செருகினாலும் மாறும். அங்கெல்லாம் நாம் ஷீட்டின் அமைப்பையே மாற்றுகிறோம். பார்முலா மாறுவது நியாயம். இங்கே ஒரு எண்ணை டைப் செய்ததைத் தவிர நாம் எதுவும் செய்யவில்லையே!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நாம் எழுதும் பார்முலாவில் பக்கத்து எண் ஒன்று விடுபட்டால், செல்லின் மூலையில் பச்சை முக்கோணம் காட்டி எக்ஸெல் நம்மை எச்சரிக்கிறது. அதுவே பார்முலாவைத் திருத்தும்போது ஒரு புள்ளிகூடக் காட்டுவதில்லை. தினமும் கீழே எண்களைச் சேர்த்துக்கொண்டே போகிறவர்களுக்கு இந்த வசதி உதவும் என்பது உண்மைதான். உதவட்டும், மாற்றினேன் என்று சொல்லிவிட்டு உதவட்டும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்கலாம். மரபணுப் பெயர்கள் சிலவற்றை எக்ஸெல் தேதியாக மாற்றிவந்தது. தொல்லை தாங்காமல் 2020ல், மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு, மார்ச்1 என்பதை மார்ச்எப்1 என்றும் செப்ட்1 என்பதை செப்டின்1 என்றும் மாற்றியது. அதன் பிறகு 2023ல்தான், இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதியை மைக்ரோசாப்ட் தந்தது. விஞ்ஞானிகளுக்குக் கிடைத்தது வீட்டுக் கணக்கு எழுதுபவர்களுக்கும் கிடைக்க வேண்டாமா?

அதுவரை நாமே நிறுத்தி வைப்போம். பைல் மெனுவில் ஆப்ஷன்ஸ் கிளிக் செய்து அட்வான்ஸ்டு பிரிவுக்குச் செல்லுங்கள். எடிட்டிங் ஆப்ஷன்ஸ் தலைப்பின் கீழ் 'எக்ஸ்டெண்ட் டேட்டா ரேஞ்ச் பார்மட்ஸ் அண்ட் பார்முலாஸ்' என்ற வரியில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிட்டு ஓகே கொடுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த அமைப்பு உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள எக்ஸெல்லுக்கானது, பைலுக்கானது அல்ல. அதே பைலை மகனோ மகளோ தங்கள் லேப்டாப்பில் திறந்து பி12ல் எண் கொடுத்தால் பழைய கதைதான். எனவே கூட்டலில் சேரக்கூடாத தொகையைப் பட்டியலுக்குக் கீழே எழுதாமல், இரண்டு நெட்டு வரிசை தள்ளி எழுதுங்கள். மாதக் கடைசியில் கண்ட்ரோல் கீயுடன், டேப் கீக்கு மேலே உள்ள கீயை அழுத்தினால் ஷீட்டில் உள்ள பார்முலாக்கள் அனைத்தும் தெரியும். ஒருமுறை பார்வையை ஓட்டிவிட்டு, மீண்டும் அதே கீகளை அழுத்தினால் எண்கள் திரும்பிவிடும்.