மலிவு யாருக்கு?

விலைவாசி என்ற சொல்லை நாம் நாள்தோறும் ஆளுகின்றோம். சந்தையிலிருந்து அரைப் பையுடன் திரும்புகின்றவனும் ஆளுகின்றான். பாராளுமன்றத்திலே எழுந்து பேசுகின்றவனும் ஆளுகின்றான். அச்சொல்லின் பிற்பாதியாகிய 'வாசி' என்பதை மட்டும் எவரும் நின்று பார்ப்பதில்லை. வாசி என்பதற்கு வேறுபாடு என்பது ஒரு பொருள். நாணயம் மாற்றுமிடத்துக் கழிக்கும் வட்டத்தையும் வாசி என்று வழங்கியதுண்டு. விலைவாசி என்ற தொடர் இப்படித்தான் பிறந்தது என்று சாதிக்க நான் வரவில்லை. ஆனால், சென்ற விடுமுறையிலே காலி நகரத்தில் இரண்டு நாள் தங்கிய பின்னர், அச்சொல்லிலே விலையைக் காட்டிலும் வாசியே பெரிது என்று எனக்குப் படுகின்றது.

என்னிடம் படித்த மாணாக்கர் ஒருவர் காலியிலே தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் பாடசாலை ஒன்றில் ஆசிரியராயிருக்கிறார். அவருடைய அழைப்பின்பேரிலேயே சென்றேன். பாடசாலை கோட்டை மதிலுக்கு வெளியே கூப்பிடு தூரத்தில் இருக்கின்றது. அவரோ ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்து போகின்றார்.

"தம்பி, பக்கத்திலே ஓர் அறை எடுத்திருக்கலாமே?" என்றேன்.

"ஐயா, இந்த ஊரிலே பாடஞ் சொல்ல எனக்கு இடம் உண்டு, பாய் விரிக்கத்தான் இடம் இல்லை. கோட்டைக்குள்ளே ஓர் அறை கேட்டுப் பார்த்தேன். வாடகையை டொலரிலே சொன்னார்கள். ரூபாவில் எவ்வளவு என்று கேட்டேன். இன்றைய விலைக்கா, மாத முடிவில் உள்ள விலைக்கா என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலை நாங்கள் மதில்மேல் உலாவினோம். வெளிச்சவீட்டின் அருகே ஆங்கிலேய முதியவர் ஒருவர் எங்களோடு பேச்சுக் கொடுத்தார். அவரும் ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். இங்கிலாந்தின் தென்கரையிலே ஒரு கடற்பட்டினத்தில் வாழ்ந்தவர். அங்கே வீட்டு வாடகையும் குளிர்காலத்து வெப்பச் செலவும் சேர்ந்து ஓய்வூதியத்தை விழுங்கிவிட்டனவாம். இங்கே கடலைப் பார்த்த ஓர் அறை, துணி துவைக்க ஆள், மூன்று வேளை உணவு எல்லாம் கண்டும் கையிலே மிச்சம் இருக்கின்றதாம். "இவ்வளவு மலிவான கடற்பட்டினத்தை நான் கண்டதேயில்லை" என்றார்.

ஒரே ஊர். ஒரே மதில். இருவரும் ஆசிரியர்கள். ஒருவர்க்கு இது மலிவு. மற்றவர்க்கு ஆனை விலை, குதிரை விலை. இருவருள் எவரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால், மலிவு என்பது பொருளின் குணமா, அதை வாங்குகின்றவன் கையிலுள்ள நாணயத்தின் குணமா?

சிறிது கணக்குப் பார்ப்போம். ஐம்பத்தைந்து வயதைக் கடந்த பிறநாட்டார் இலங்கையில் வந்து தங்குவதற்கென அரசு ஒரு விசாத் திட்டம் வகுத்தது. மாதந்தோறும் 1,500 டொலரை வெளிநாட்டிலிருந்து தருவித்தல் அதன் நிபந்தனைகளுள் ஒன்று. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. அந்த 1,500 டொலரும் அப்போது மூன்று இலட்சம் ரூபா. மார்ச்சு மாதத்திலே ரூபாவைக் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்தது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாவை எட்டியது. அதே 1,500 டொலர் ஐந்து இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாவாயிற்று. வந்திருந்தவர் ஒரு துரும்பையும் எடுத்துப் போடவில்லை. இரண்டே மாதத்தில் இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபா அவருடைய மடியில் வந்து விழுந்தது.

என் மாணாக்கருக்கு என்ன நேர்ந்தது? அவருடைய சம்பளம் டொலரோடு சேர்ந்து ஏறவில்லை. ஆனால், அவர் வாங்கும் பாணும் பருப்பும் மண்ணெண்ணெயும் ஏறின. 2022 செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பொருளை மட்டும் எடுத்தால் 94.9 சதவீதம். முன்னைய ஆண்டு நூறு ரூபாவுக்கு உண்டவன் அவ்வாண்டு நூற்றுத்தொண்ணூற்றைந்து ரூபா கொடுத்தாலே அதே வயிறு நிரம்பும். ஒரே காற்று ஒரு படகைக் கரைசேர்த்தது. மற்றப் படகைக் கவிழ்த்தது. பின்னர் விலைகளின் ஓட்டம் தணிந்தது. டொலரும் 2024 இல் முந்நூறு ரூபாவை அண்டி நின்றது. ஆனால், ஏறிய வாடகை இறங்கவில்லை. விலை ஏறுவதற்கு ஏணி உண்டு. இறங்குவதற்கு அதனை யாரோ எடுத்துவிடுகின்றார்கள்.

வந்து குடியிருப்போர்க்கும் எல்லாம் மலிவு என்று எண்ணிவிடுதல் தவறு. இந்த ஊரின் மீனையும் சோற்றையும் உண்டு, காற்றாடியின் கீழே உறங்கி, பஸ்ஸிலே போகின்றவர்க்கே இந்த ஊர் மலிவு. தம் ஊரையும் மூட்டை கட்டிக்கொண்டு வருபவர்க்கு இவ்விடமும் ஏறிய விலைதான். பாற்கட்டியும் திராட்சை மதுவும் தீர்வை செலுத்திக் கப்பலில் வருகின்றன. அறையைக் குளிரூட்டுவோர்க்கு மின்கட்டணம் உண்டு. அது 2022 ஓகஸ்டில் 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்ந்தது. மோட்டார் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டமையால், இடைக்காலத்திலே பழைய காரும் புதுக் காரின் விலை பேசிற்று. உப்புக் காற்று இரும்பைத் தின்னும். தென்மேற்குப் பருவமழை சுண்ணாம்புச் சுவரிலே ஊறும். இவற்றையெல்லாம் கூட்டினால் அந்த முதியவரின் மிச்சமும் குறையவே செய்யும். ஆனால், ஒரு வேறுபாடு உண்டு. அவர் செலவைக் குறைக்க வேண்டுமானால் பாற்கட்டியை விடலாம். என் மாணாக்கர் எதனை விடுவார்?

காலிக்குப் பிறநாட்டார் புதியவரல்லர். 1344 இல் இபுன் பதூதா அவ்வூரைக் கண்டு சென்றார். 1409 ஆம் ஆண்டைக் காட்டும் சீனக் கல்வெட்டொன்று 1911 இல் காலியிலே கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது. அக்கல்லிலே மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையிலே எழுந்தருளியிருந்த தென்னாவரை நாயனார்க்குச் சீன அரசர் அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றது. தூரதேசத்திலிருந்து கடல் கடந்து வந்த ஒருவன், இங்குள்ளார் படிக்கும் எழுத்திலே, தான் கொண்டுவந்ததை எழுதிவைத்தான். நான் அக்கல்லைப் பார்க்குந்தோறும் அந்த மரியாதையை நினைப்பதுண்டு.

வந்தவரெல்லாம் அப்படி வரவில்லை என்பதும் உண்மையே. போர்த்துக்கேயர் கோட்டை தொடங்கினர். 1640 இல் ஒல்லாந்தர் அதனைப் பறித்து விரித்துக் கட்டினர். 1796 இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அவர்கள் போன பின்பு அவ்வீடுகளில் வாழ்ந்தோர் இந்நாட்டார். அவர்களுள் தமிழைத் தாய்மொழியாகப் பேசும் இஸ்லாமியக் குடும்பங்கள் பல. 1988 இல் கோட்டை உலக மரபுரிமைத் தலமாயிற்று. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை நகரத்தை விழுங்கியபோது, மதிலுக்குள்ளே இருந்தோரை அம்மதில் காத்தது. கடலுக்கு அசையாத மதில் பணத்துக்கு வழிவிட்டது. இந்நூற்றாண்டின் தொடக்கம் முதலே பிறநாட்டார் பழைய வீடுகளை வாங்கத் தலைப்பட்டனர். நல்ல விலை கிடைத்தது. குடும்பங்கள் விற்றுவிட்டு வெளியே போயின. விற்றவரைக் குறைகூற முடியாது. பெண்பிள்ளைகளைக் கரையேற்ற வேண்டியவன், சுவரிலே வெடிப்பை வைத்துக்கொண்டு சரித்திரத்தைக் காவல் செய்வானா? வாங்கியவரையும் முற்றாகக் குறைகூற முடியாது. இடிந்துவிழ இருந்த வீடுகளை அவர்கள் நிமிர்த்தினார்கள். தச்சனுக்கும் கொத்தனுக்கும் சமையற்காரனுக்கும் வேலை கொடுத்தார்கள். ஆனால், கூரையைக் காப்பாற்றி அடுப்பை இழந்த தெரு, தெருவாகுமா, காட்சிச்சாலையாகுமா?

2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டம் பிறநாட்டார் இந்நாட்டுக் காணியைச் சொந்தமாக வாங்குவதற்குத் தடை விதித்தது. குத்தகைக்கு 99 ஆண்டு வரையும் இடம் விட்டது. வாடகைக்கு எடுப்பதைப் பற்றிய கவலை அதற்கில்லை. ஆகவே, விற்பனை வாயிலில் கதவு போட்டோம்; வாடகை வாயில் திறந்தே கிடக்கின்றது.

2022 பெப்ரவரியில் உக்ரேன் யுத்தம் மூண்டபோது, இரு பக்கத்து மக்களிலும் பலர் நமது தென்கரையிலே தங்கிவிட்டனர். வீடு திரும்ப முடியாதார்க்கு இடங்கொடுத்தது நன்றே. அவர்களுடைய விசாவும் பன்முறை நீடிக்கப்பட்டது. 2024 பெப்ரவரியிலே உனவட்டுனவில் 'வெள்ளையர்க்கு மட்டும்' என்று ஒரு விருந்துக்கு அறிவித்தல் போனது, ஊர் கொதித்தது, விருந்து கைவிடப்பட்டது. அதே மாதத்திலேயே, நீடித்த விசாவில் இருந்தோரை வெளியேறும்படி கூறும் அறிவித்தலும் வந்தது. ஒரு கொண்டாட்டத்தினால் மட்டும் அந்தக் கோபம் பிறந்தது என்று நான் எண்ணவில்லை. வாடகையிலே ஈரமாக ஊறிக்கிடந்தது, அன்று சுவரிலே வெடித்தது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் முன்னோர் மொழி. மூன்று நாளைக்கு விருந்தினனிடம் ஒன்றும் கேளோம். நான்காம் நாள் அவன் வீட்டுக்காரனோடு சேர்ந்து தண்ணீர் அள்ள வேண்டும். ஆண்டுக்கணக்கில் தங்குவோரிடம் இவ்வளவேனும் கேட்டல் முறை. அவர்கள் எடுக்கும் நெடுங்குத்தகையிலும் வாடகையிலும் ஒரு சிறு பங்கு அந்நகரத்துக்கே சேரட்டும். அப்பணத்தைக் கொண்டு நகரசபை ஆசிரியர்க்கும் தாதியர்க்கும் மீன்பிடிப்போர்க்கும் நகருக்குள்ளேயே குறைந்த வாடகையில் வீடு அமைக்கட்டும். இந்நாட்டு மண்ணிலே உள்ள அறைக்கு இந்நாட்டு நாணயத்திலே வாடகை பேசப்படட்டும். டொலரிலே வாடகை சொல்லுகின்றவர் பிறநாட்டாரல்லர். நம்மவர் என்பதையும் மறவாதிருப்போம்.

இதை எழுதும்போது என் கை சிறிது தயங்குகின்றது. யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக் காணியின் விலையைக் கேட்டுவிட்டு, உள்ளூர் ஆசிரியர் ஒருவர் வாய் பேசாமல் திரும்பிப் போவதை நான் கண்டிருக்கிறேன். அவ்விலையைச் சொல்ல வைத்தது வெள்ளையர் பணமன்று. இலண்டனிலும் தொறன்றோவிலும் நம் பிள்ளைகள் இரவும் பகலும் உழைத்து அனுப்பிய பணம். நல்லூர்த் திருவிழாவுக்கு அவர்கள் வந்து இறங்கி, "எங்கட ஊரிலே எல்லாம் மலிவு" என்று சொல்லும்போது நாம் மகிழ்கின்றோம். பக்கத்து வீட்டிலே வாடகைக்கு இருப்பவனின் முகத்தைப் பார்க்க மறந்துவிடுகின்றோம். காலிக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம் இல்லை.

தமிழிலே 'அயல்' என்று ஒரு சொல் உண்டு. அயல்நாட்டான் என்றால் தூரத்தவன். அயலவன் என்றால் வேலிக்கு அப்பால் இருப்பவன். அடுப்புக்கு நெருப்பு இரந்தால் கொடுப்பவன். பிணம் எடுக்கும் நாளிலே அழைக்காமல் வருபவன். இரண்டுக்கும் வேர் ஒன்றே. அந்த ஆங்கிலேய முதியவர் விடைபெறும்போது, என் மாணாக்கர் எங்கே வசிக்கின்றார் என்று விசாரித்தார். ஒரு மணி நேரப் பயணம் என்று கேட்டதும் அவர் முகம் மாறியது. "நானும் என் ஊரிலே அப்படித்தான் ஆனேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு மூவரும் மதிலிலிருந்து இறங்கினோம். அவர் கோட்டைக்குள்ளே திரும்பினார். நாங்கள் பஸ் நிலையத்துக்கு நடந்தோம்.