பேக்லிங்க் பட்டியலை வாசித்தல்

ஒரு டொமைனுக்கு வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் திரட்டி, அவை எந்தத் தளத்திலிருந்து, எந்தப் பக்கத்துக்கு, எந்தச் சொற்களோடு, எதன் பொருட்டு வருகின்றன என்று ஆராய்வது பேக்லிங்க் பகுப்பாய்வு. தேடுபொறி உகப்பாக்க (எஸ்இஓ) நிறுவனங்கள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் மாத அறிக்கையில் இதற்கென்று ஒரு பக்கம் இருக்கும். பெரும்பாலும் அதில் ஒரு கூட்டுத்தொகையும் ஏறிச் செல்லும் ஒரு கோடும்தான் இருக்கும். அந்தக் கூட்டுத்தொகைக்குப் பின்னாலுள்ள பட்டியலை ஒருவர்கூட வரிவரியாகப் படித்திருக்க மாட்டார். இந்தத் துறையின் மிகப் பெரிய குறை இதுவே. பட்டியல் கையில் இருந்தும் அதைப் படிக்காமல் விடுவது, இரத்தப் பரிசோதனை அறிக்கையில் பக்கங்களை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு மருந்து எழுதுவதற்குச் சமம்.

இணைப்பை மதிப்பின் அடையாளமாகக் கொள்ளும் எண்ணம் இணையத்துக்கு முந்தியது. ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பின்னர் எத்தனை கட்டுரைகள் மேற்கோள் காட்டின என்று காட்டும் அறிவியல் மேற்கோள் அட்டவணையை யூஜீன் கார்ஃபீல்ட் 1964இல் வெளியிட்டார். 1996இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் லாரி பேஜ் தொடங்கிய தேடல் ஆய்வுக்குப் பேக்ரப் என்றே பெயர். வந்து சேரும் இணைப்புகளைக் குறித்து வைத்த பெயர் அது. 1998இல் பேஜும் செர்கெய் பிரின்னும் வெளியிட்ட கட்டுரையில் பேஜ்ரேங்க் கணக்கு விளக்கப்பட்டது. அதன்படி ஒரு பக்கம் தன்னிடமுள்ள மதிப்பைத் தன்னிலிருந்து வெளியேறும் இணைப்புகளுக்குப் பங்கிடுகிறது. 10 இணைப்பு உள்ள பக்கம் ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒரு பங்கு தரும். 500 இணைப்பு உள்ள பக்கம் ஐந்நூறில் ஒரு பங்கு. இணைப்பைப் பின்தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும் வாசகர் ஒரு கட்டத்தில் சலித்து வேறெங்கோ தாவிவிடுவார் என்பதற்காக, அவர் தொடர்ந்து செல்லும் வாய்ப்பை 0.85 என்று அந்தக் கட்டுரை வைத்தது.

இந்தச் சிறு கணக்கிலேயே தொழிலுக்கு வேண்டிய அடிப்படைப் பாடம் அடங்கியிருக்கிறது. சுட்டும் பக்கத்தை வேறு யாரும் சுட்டவில்லை என்றால், கொடுப்பதற்கு அதனிடம் அதிகம் ஒன்றும் இல்லை. நூற்றுக்கணக்கான தளங்களை வரிசையாக அடுக்கிய அடைவுப் பக்கங்கள் மதிப்பிழந்ததற்கு ஒரு காரணம், அவற்றின் மதிப்பு அத்தனை இணைப்புகளுக்கும் பங்காகிவிடுவது. கூகுளின் இன்றைய தரவரிசை இந்த ஒரு கணக்கில் மட்டும் ஓடுவதில்லை. பொதுமக்கள் உலாவியின் கருவிப்பட்டையில் பார்த்துவந்த பேஜ்ரேங்க் மதிப்பெண் 2016இல் நிறுத்தப்பட்டது. தேடலில் இணைப்பு ‘முக்கியமான’ காரணி என்று கூகுளின் ஸ்பேம் கொள்கைப் பக்கத்தில் இருந்த வாசகத்திலிருந்து, 2024 மார்ச்சில் ‘முக்கியமான’ என்ற சொல் நீக்கப்பட்டது. இணைப்பின் எடை குறைந்திருக்கலாம்; அது தரும் செய்தி குறையவில்லை. யார் நம்மைப் பொருட்படுத்திச் சுட்டுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள இதைவிட நேரடியான சான்று இல்லை.

பட்டியல் எங்கிருந்து கிடைக்கிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கூகுள் சர்ச் கன்சோல் தன் சொந்தத் தளத்துக்கான இணைப்புகளை இலவசமாகக் காட்டும். ஆனால் அட்டவணையில் 1,000 வரிகளே தெரியும், தரவிறக்கினால் 1,00,000 வரை வரும். அது ஒரு மாதிரித் தொகுப்பே, முழுப் பட்டியல் அல்ல. மதிப்பைக் கடத்த வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் நோஃபாலோ குறி இட்ட இணைப்புகளையும் அது கலந்தே காட்டுகிறது. போட்டியாளரின் தளத்தை அதில் பார்க்க முடியாது. பிங்கின் வெப்மாஸ்டர் டூல்ஸ் பிற தளங்களோடு ஒப்பிட இடம் தருகிறது. ஏரெஃப்ஸ், மெஜஸ்டிக், மாஸ், செம்ரஷ் ஆகியவை, வலைப்பக்கங்களைத் தானாகச் சென்று படிக்கும் தத்தம் கிராலர்களை அனுப்பிச் சேகரிக்கும் கட்டணக் கருவிகள். கையில் பணமில்லாமல் நிரல் எழுதத் தெரிந்தவருக்குக் காமன் கிரால் அறக்கட்டளை வெளியிடும் டொமைன் வரைபடத் தரவு இருக்கிறது. ஆய்வு மாணவர்கள் அதை இன்னும் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும்.

ஒரே தளத்துக்கு ஒரு கருவி காட்டும் எண்ணிக்கை இன்னொன்றின் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு இருப்பது சாதாரணம். ஒவ்வொரு கிராலரும் வேறு வேறு பாதையில் போகிறது; சில தளங்கள் இந்தக் கிராலர்களை ரோபோட்ஸ் கோப்பிலேயே தடுத்துவிடுகின்றன; செத்த இணைப்பை எத்தனை நாள் கணக்கில் வைத்திருப்பது என்பதும் கருவிக்குக் கருவி மாறும். எதைத் தனி டொமைன் என்று எண்ணுவது என்பதிலும் ஒற்றுமை இல்லை. பிளாக்ஸ்பாட்டில் உள்ள ஆயிரம் வலைப்பதிவுகள் ஆயிரம் தளங்களா, ஒரே தளமா? தமிழில் வலைப்பதிவுகள் பெருகிய காலத்தில் பெரும்பாலானவை அங்கேதான் எழுதப்பட்டன என்பதால், பழைய தமிழ்த் தளம் ஒன்றை ஆராய்பவருக்கு இந்தக் கேள்வி பட்டியலின் பாதியைத் தீர்மானித்துவிடும். 2012இலிருந்து சில ஆண்டுகள் இந்திய வாசகர்கள் .இன் முகவரிக்குத் திருப்பப்பட்டதால் ஒரே பதிவு .காம் என்றும் .இன் என்றும் இருமுறை எண்ணப்பட்டிருக்கும். பின்னர் 2020இல் அந்த .இன் டொமைன் கூகுளின் கையைவிட்டே போனது. ஆகவே, ஒரு கருவியைத் தேர்ந்து அதன் எண்ணை அதே கருவியின் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுவதே நேர்மை.

டொமைன் ரேட்டிங், டொமைன் அத்தாரிட்டி போன்ற 100க்கு இத்தனை என்ற மதிப்பெண்களும் அந்தந்த நிறுவனங்கள் தாமே கணித்தவை. கூகுள் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. அவை மடக்கை அளவில் ஏறுவதால் 20இலிருந்து 30க்கு வருவதும் 70இலிருந்து 80க்கு வருவதும் ஒரே தொலைவு ஆகாது. நீண்ட பட்டியலில் எதை முதலில் பார்ப்பது என்று வரிசைப்படுத்த அவை உதவும். ஒப்பந்தத்தில் இலக்காக எழுதத் தகுதியற்றவை.

வாசிப்பு இணைப்பு எண்ணிக்கையில் தொடங்காமல் டொமைன் வாரியாகத் தொடங்க வேண்டும். ஒரு தளத்தின் அடிப்பகுதியில் வைத்த ஓர் இணைப்பு அதன் 4,000 பக்கங்களிலும் தோன்றி 4,000 ஆகப் பட்டியலில் வந்து நிற்கும். முடிவெடுத்தவர் என்னவோ ஒருவர்தான். பிறகு ஒவ்வொரு டொமைனிலும் ஒரு பக்கத்தையாவது உலாவியில் திறந்து பார்க்க வேண்டும். பத்தியின் நடுவில், எழுதுபவர் தம் கருத்துக்கு ஆதாரமாகக் கொடுத்த இணைப்புக்கும், ஓரப்பட்டையில் இருபது விளம்பரங்களோடு கிடக்கும் இணைப்புக்கும் உள்ள வேறுபாடு எந்த நெடுவரிசையிலும் தெரியாது. கண்ணால் பார்த்தால் ஒரு நொடியில் தெரியும்.

அடுத்து, ஆங்கர் டெக்ஸ்ட் எனப்படும் இணைப்புச் சொற்கள். இவற்றைப் படிப்பதில் என்ன தெரியவரும் என்பதற்கு அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடைத்தொடரின் கதையைவிட நல்ல பாடம் இல்லை. 2010இன் இறுதியில், விழாக்கால விற்பனை நடந்த மாதங்களில், உடை, படுக்கை விரிப்பு, அறைகலன் என்று எதைத் தேடினாலும் கூகுளில் அந்த நிறுவனமே முதலில் வந்தது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஒரு தேடல் வல்லுநரிடம் காரணம் கேட்டது. அவர் செய்தது மாயமல்ல. பேக்லிங்க் பட்டியலை எடுத்துப் படித்தார். ‘மாலை உடைகள்’, ‘சிறிய கறுப்பு உடை’ போன்ற விற்பனைச் சொற்றொடர்களோடு 2,015 பக்கங்கள் நேராக அந்தக் கடையைச் சுட்டின. அவற்றில் பல, உடைக்கும் கடைக்கும் எந்தத் தொடர்பும் இல்லாதவை: அணுப் பொறியியல் பற்றிய ஒன்று, சூதாட்டம் பற்றிய ஒன்று, பல்கேரியாவில் வீடு வாங்குவது பற்றிய ஒன்று. 2011 பிப்ரவரியில் கூகுள், ஊழியர் நேரடியாகத் தரவரிசையை இறக்கும் கைமுறை நடவடிக்கையை எடுத்தது. ஒரு பயணப்பெட்டித் தேடலில் மாலை 7 மணிக்கு முதலிடத்தில் இருந்த பக்கம் இரண்டு மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்குப் போனது. அந்த இணைப்புகள் தம் அனுமதியோடு இடப்பட்டவை அல்ல என்று கூறிய நிறுவனம், தன் தேடல் ஆலோசகரை நீக்கியது.

இயல்பாக இணைப்பவர்கள் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரையோ, கட்டுரைத் தலைப்பையோ, வெறும் முகவரியையோ, ‘இங்கே’ என்ற சொல்லையோ இணைப்பாக்குவார்கள். விற்கும் பொருளின் பெயரை, அதுவும் ஒரே வடிவத்தில், நூறு பேர் தாமாகத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். சுட்டும் பக்கத்தின் பொருளும் சொற்களும் ஒட்டாமல் நிற்பதே பென்னி பட்டியலில் முதலில் உறுத்தியது. 2012 ஏப்ரல் 24 அன்று வந்த கூகுளின் பெங்குவின் அல்காரிதம் இந்த உறுத்தலையே தானாகக் கண்டுபிடிக்க முயன்றது. 2016 செப்டம்பரில் அது மைய அல்காரிதத்தில் சேர்ந்தபின், கெட்ட இணைப்புக்காகத் தளத்தை இறக்குவதைவிட அந்த இணைப்பையே மதிப்பற்றதாக்குவது வழக்கமாயிற்று.

தமிழ் இணைப்புச் சொற்களைக் கணக்கிடும்போது இன்னொரு தொல்லை உண்டு. ஆங்கிலக் கையேடுகளில் இதற்கு விடை கிடைக்காது. ‘கோ’ என்ற எழுத்தை ஒரே உயிர்மெய்க்குறியாகவும் உள்ளிடலாம், இரட்டைச் சுழிக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் ‘கோவில்’ அட்டவணையில் இரண்டு வரியாகப் பிரியும். என்எஃப்சி எனப்படும் யூனிகோட் இயல்பாக்கத்தைச் செய்தால் இவை ஒன்றாகும். ‘ஸ்ரீ’ அப்படி ஆகாது: 2005இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’ கொண்டு எழுதியதும் ‘ஸ’ கொண்டு எழுதியதும் இயல்பாக்கத்துக்குப் பின்னும் வேறாகவே நிற்கும், கையால்தான் சேர்க்க வேண்டும். தமிழில் அமைந்த பக்க முகவரியில் ஒவ்வொரு குறியும் சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரிவதால், ‘தமிழ்’ என்ற சொல் மட்டுமே 45 எழுத்து ஆகும். சிறிய எழுத்தில் எழுதிய குறியீடும் பெரிய எழுத்தில் எழுதியதும் ஒரே பக்கம்தான் என்று தெரிந்து சேர்க்காவிட்டால் கூட்டல் தவறாகும். .இலங்கை, .சிங்கப்பூர் போன்ற டொமைன்கள் கருவிகளில் புரியாத குறியீட்டுச் சரமாகத் தெரியும். அவற்றை ஸ்பேம் என்று நீக்கிவிடும் அவசரம் வேண்டாம். சிஎஸ்வி கோப்பை எக்ஸலில் நேரே திறந்து தமிழ் சிதைந்துவிட்டது என்று பட்டியலையே கைவிடுவோரும் உண்டு. யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டு இறக்குமதி செய்தால் எழுத்து சரியாகவே வரும்.

நோஃபாலோ 2005 ஜனவரியில், வலைப்பதிவுப் பின்னூட்டங்களில் குவிந்த விளம்பரங்களைத் தடுக்க வந்தது. 2019 செப்டம்பரில் கூகுள் பணம் கொடுத்த இணைப்புக்கும் பயனர் இட்ட இணைப்புக்கும் தனித்தனிக் குறிகளை அறிவித்து, நோஃபாலோவை இனிக் கட்டளையாகக் கொள்ளாமல் குறிப்பாகக் கொள்வதாகச் சொன்னது. பட்டியலிலிருந்து நோஃபாலோ வரிகளை முதலிலேயே வடிகட்டி எறிவது தவறு. விக்கிப்பீடியாவின் வெளியிணைப்புகள் அந்தக் குறியோடுதான் வருகின்றன. ஆயினும் அங்கே சான்றாகக் காட்டப்பட்ட பக்கத்தைப் பிறகு இதழாளர்களும் ஆசிரியர்களும் கண்டெடுத்துத் தம் எழுத்தில் சுட்டுவார்கள். விக்கிப்பீடியாவிலேயே ஒரு டொமைனுக்கான எல்லா இணைப்புகளையும் தேடித் தரும் சிறப்புப் பக்கம் இருக்கிறது, கட்டணம் இல்லை.

கட்டணக் கருவிகள் சில இணைப்புகளுக்கு ‘நச்சு’ மதிப்பெண் இட்டுச் சிவப்பில் காட்டுகின்றன. சிவப்பைக் கண்டதும் அத்தனையையும், கணக்கில் கொள்ள வேண்டாம் என்று தெரிவிக்கும் கைவிடல் கோப்பில் போட்டுக் கூகுளுக்கு அனுப்புவது இத்தொழிலில் பரவியிருக்கும் ஆபத்தான பழக்கம். 2012 அக்டோபரில் வந்த அந்த வசதி, கைமுறை நடவடிக்கை வந்துவிட்ட அல்லது வரக்கூடிய தளங்களுக்கானது என்று கூகுளே சொல்கிறது. பிங் தன் வசதியை 2023இல் நிறுத்திவிட்டது. யாருக்கும் தெரியாத சிறு நூலகத்தின் பழைய பக்கம், வடிவமைப்பு மோசமான ஓர் ஊர்ச் சங்கத்தின் தளம், இவையெல்லாம் இயந்திரத்தின் கண்ணுக்கு நச்சாகத் தெரியலாம். அங்கே ஒரு மனிதர் விரும்பி இட்ட இணைப்பு இருக்கிறது. முந்தைய ஆலோசகர் காசு கொடுத்து வாங்கிய இணைப்புகள் இருப்பது உறுதியாகத் தெரிந்தால் மட்டும், அந்த டொமைன்களை மட்டும், காரணக் குறிப்போடு கோப்பில் சேர்க்கலாம்.

அந்த நேரத்தை, இழந்துபோன இணைப்புகளை மீட்கச் செலவிட்டால் பயன் அதிகம். பட்டியலில் சுட்டப்படும் இலக்குப் பக்கங்களைத் தனியே எடுத்து ஒவ்வொன்றும் திறக்கிறதா என்று சோதித்தால், தளத்தைப் புதுப்பித்தபோது முகவரி மாறி 404 ஆகிப்போன பக்கங்கள் வெளிப்படும். பல்கலைக்கழகப் பாடக்குறிப்பு ஒன்றோ, பத்து ஆண்டுக்கு முன் வந்த செய்தி ஒன்றோ இன்னும் அந்தச் செத்த முகவரியைச் சுட்டிக்கொண்டிருக்கும். அதே பொருளுள்ள புதிய பக்கத்துக்கு 301 திருப்பம் போட ஒரு வரி போதும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்புவது கூடாது. தேடிவந்தவருக்கும் தேடுபொறிக்கும் அது ஏமாற்றமே. டொமைனையே மாற்றும்போது பழைய டொமைனின் திருப்பங்களைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்குமாறு கூகுள் அறிவுறுத்துகிறது. பழைய டொமைனின் ஆண்டுக் கட்டணம் சிறிது என்பதால் அதைக் கைவிடாமல் வைத்திருப்பதே நல்லது. காலாவதியான டொமைனை வாங்கி அதன் பழைய நற்பெயரில் குப்பையை ஏற்றுவோர் எப்போதும் காத்திருக்கிறார்கள். 2024 மார்ச்சில் கூகுள் அதைத் தனிக் குற்றமாகவே தன் ஸ்பேம் கொள்கையில் சேர்த்தது.