தாய்வழிக் குடியுரிமை: நேபாளப் புதிய அரசின் கடன்

நேபாளத்தில் 16 வயது நிரம்பியவர் குடியுரிமைச் சான்றிதழ் பெறலாம். அது இல்லாதவருக்குக் கடவுச்சீட்டு இல்லை, வாக்கு இல்லை. நிலம் வாங்கவும் வங்கிக் கணக்கு தொடங்கவும் வழியில்லை. அதைக் கேட்டு மாவட்ட நிர்வாக அலுவலகப் படியேறும் பிள்ளையிடம் பெரும்பாலும் முதலில் கேட்கப்படுவது தந்தையின் சான்றிதழ்.

2015ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் இதில் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கிறது. தந்தையோ தாயோ நேபாளக் குடியுரிமை உள்ளவராக இருந்தால் பிள்ளைக்கு வம்சாவளிக் குடியுரிமை உண்டு என்கிறது 11ஆம் பிரிவு. 38ஆம் பிரிவு வம்சத்தில் பெண்ணுக்குச் சம உரிமை தருகிறது. ஆனால் 11ஆம் பிரிவின் பிந்தைய உட்பிரிவுகளின்படி, அயல்நாட்டவரை மணந்த நேபாளப் பெண்ணின் பிள்ளைக்கு எட்டுவது, வம்சத்தால் வராமல் அரசு வழங்கும் இயல்புக் குடியுரிமைதான். அதற்கும் நேபாளத்தில் நிலையாகக் குடியிருக்க வேண்டும், வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றிருக்கக் கூடாது. அயல்நாட்டுப் பெண்ணை மணந்த ஆணின் பிள்ளைக்கு இந்தத் தடை இல்லை. தந்தை யாரென அறியப்படாத பிள்ளை தாய்வழியே வம்சாவளிக் குடியுரிமை பெறலாம். தந்தை அயல்நாட்டவர் என்று பின்னர் நிறுவப்பட்டால் அது இயல்புக் குடியுரிமையாக இறக்கப்படும். இது வெறும் பெயர் மாற்றமன்று. குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி முதலிய பதவிகளை 289ஆம் பிரிவு வம்சாவளிக் குடிமக்களுக்கே ஒதுக்கியிருக்கிறது.

2023 மே இறுதியில் நடைமுறைக்கு வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பலருக்கு வழி திறந்தது உண்மை. ஆயினும், தந்தை யாரெனத் தெரியாது என்று தாய் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். அது பொய்யானால் தண்டனை. கணவன் கைவிட்டுப் போன பெண்ணுக்கு அவன் பெயர் தெரியும், அவனது சான்றிதழ் கிடைக்காது. அவள் எதை எழுதுவாள்? தந்தையிடம் இப்படியொரு வாக்குமூலத்தை எந்த அலுவலகமும் கேட்பதில்லை.

இந்தியாவுடனான திறந்த எல்லையும், தராய் சமவெளி மக்கள் எல்லை கடந்து கொண்டு கொடுத்து வாழ்வதுமே இந்த விதிகளுக்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் அதே எல்லையைக் கடந்து வரும் மருமகளுக்கு அரசமைப்பே குடியுரிமை வழி வகுக்கிறது. மருமகனோ பொது விதிப்படி 15 ஆண்டு குடியிருந்தாக வேண்டும். அச்சம் எல்லையைப் பற்றியதென்றால் இருவருக்கும் ஒரே விதி இருந்திருக்கும். இங்கே காக்கப்படுவது குலம் ஆண்வழியே தொடரும் என்ற நம்பிக்கை. அண்டை நாடான இந்தியா, வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தாய்வழிக் குடியுரிமையை 1992இல் ஏற்றது. இலங்கை 2003இல் தாயையும் தந்தைக்கு நிகராக்கியது.

2025 செப்டம்பரில் இளைஞர் கிளர்ச்சி பிரதமர் ஒலியின் அரசை வீழ்த்தியது. சுசீலா கார்க்கி நாட்டின் முதல் பெண் பிரதமராக இடைக்கால அரசுக்குத் தலைமை ஏற்றார். 2026 மார்ச் 5 தேர்தலின் வழி அமையும் அரசு ஒரு வேலையை உடனே முடிக்கலாம்: தாயின் சான்றிதழே போதும் என்று தலைமை மாவட்ட அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்புவது. உறுதிமொழி விதியை நீக்கவும், அயல்நாட்டுக் கணவருக்கு மனைவியருக்கு நிகரான வழி தரவும் சாதாரணச் சட்டத் திருத்தமே போதும். 11ஆம் பிரிவின் உட்பிரிவுகளை மாற்றுவதுதான் கடினம். அதற்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். எனவே பிற கட்சிகளுடன் பேச்சை முதல் கூட்டத்தொடரிலேயே தொடங்கியாக வேண்டும்.