பொட்டு வைத்த கம்ப்யூட்டருக்கு என்ன விலை?

கொட்டிவாக்கத்தில், ஈ.சி.ஆரிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் தெரு ஒன்றில் இரண்டாவது மாடி வீடு. போகிக்கு முன்பு வீட்டை ஒழிக்கும் வேலை நடக்கிறது. கிழிந்த பாய், கைப்பிடி போன குக்கர், கட்டுக்கட்டாய்ப் பழைய நாளிதழ்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. கடைசியாக வந்தது கம்ப்யூட்டர். மகள் கல்லூரியில் சேர்ந்த 2014-ல் வாங்கியது. கேபினெட்டின் நெற்றியில் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

"எவ்வளவுப்பா தருவே?" என்று அம்மா கேட்க, பழைய பேப்பர்காரர் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "மானிட்டரும் சேர்த்து ஐந்நூறு ரூபா தரேம்மா."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "முப்பத்தாறாயிரம் கொடுத்து வாங்கினதுப்பா! பத்தாயிரத்துக்குக் கீழே ஒரு பைசா குறைக்க மாட்டேன்."

ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் மகள் சிரித்தாள். "யாராவது சும்மா எடுத்துக்கிட்டுப் போனாலே போதும்ப்பா. இடமாவது மிச்சமாகும்."

ஒரே பொருளுக்கு மூன்று விலை. பேப்பர்காரர் எடைக்கு விலை சொன்னார். அப்பா பழைய பில்லுக்கு விலை சொன்னார். மகள் இடத்துக்கு விலை சொன்னாள். வாங்க வருகிறவர் கொடுக்கப்போவது இந்த மூன்றுமே இல்லை. 'இது இன்னும் என்ன வேலை செய்யும்?' என்பதற்குத்தான் அவர் காசு கொடுப்பார்.

பில்லை மறந்துவிட வேண்டும்

தங்கம் வாங்கினால் ஏறும், மனை வாங்கினால் ஏறும். கம்ப்யூட்டர் கடையை விட்டு வெளியே வந்ததுமே இறங்கத் தொடங்கிவிடும். வருமான வரிக் கணக்கில் தொழிலுக்காக வாங்கும் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவிகிதம் தேய்மானம் எழுதலாம். ஒவ்வோர் ஆண்டும் மிச்சமிருக்கும் மதிப்பில் 40 சதவிகிதம். 36,000 ரூபாயை அப்படிக் கழித்துப் பார்த்தால் முதல் ஆண்டு முடிவில் 21,600, மூன்றாம் ஆண்டில் 7,776, ஐந்தாம் ஆண்டில் சுமார் 2,800. பத்தாம் ஆண்டு முடிவில் மிஞ்சுவது 218 ரூபாய்தான்! அந்தக் கணக்குப்படி பார்த்தால் பேப்பர்காரர் தாராளமாகவே கேட்டிருக்கிறார்.

ஆனால் அது ஏட்டுக் கணக்கு. சந்தை வேறு மாதிரி யோசிக்கும். பழசாவதாலேயே விலை ஏறிய கம்ப்யூட்டர்களும் உண்டு. 1976-ல் 666.66 டாலருக்கு விற்ற 'ஆப்பிள்-1' ஒன்று, 2014-ல் நியூயார்க் ஏலத்தில் 9,05,000 டாலருக்குப் போனது. ஏனென்றால் அதில் மொத்தம் செய்ததே ஏறக்குறைய 200-தான். வீட்டில் இருக்கும் டெஸ்க்டாப் கோடிக்கணக்கில் செய்யப்பட்டது. பரணில் எத்தனை வருடம் காத்திருந்தாலும் அது அருங்காட்சியகத்துக்குப் போகப்போவதில்லை. விற்பதென்றால் இன்றே விற்பது நல்லது.

ஜாதகம் பிராசஸரில் இருக்கிறது

வாங்க வருகிறவர் முதலில் கேட்பது, "எந்த பிராசஸர், எத்தனையாவது ஜெனரேஷன்?" என்றுதான். 'திஸ் பிசி' மேல் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' போனால் விடை கிடைத்துவிடும். இந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் 'கோர் ஐ3-4130' என்று இருந்தது. கோடுக்குப் பிறகு வரும் முதல் எண்தான் தலைமுறை. ஆக, இது நான்காம் ஜெனரேஷன். ஐ5-8400 என்றால் எட்டு. ஐ5-10400 என்று ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டையும் சேர்த்துப் பத்து.

இந்த ஓர் எண்ணில் ஏன் இவ்வளவு விஷயம்? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் ஜெனரேஷனாவது வேண்டும், கூடவே டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அதனால் பழைய கம்ப்யூட்டர் சந்தை இன்று இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. எட்டுக்கு மேல் என்றால் ஆபீஸ் வேலைக்குக் கேட்டு வருவார்கள். எட்டுக்குக் கீழே என்றால் டைப்பிங் பழக, பாட்டுக் கேட்க, லினக்ஸ் போட்டுப் படிக்க என்று தேடுகிறவர்கள்தான் வருவார்கள். வேலை செய்யும், ஆனால் விலை கிடைக்காது.

அடுத்தது ரேம். 4 ஜி.பி.யா, 8 ஜி.பி.யா, டி.டி.ஆர்.3-ஆ, டி.டி.ஆர்.4-ஆ என்று பார்க்க வேண்டும். 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்களின் தேவையால் புது மெமரியின் விலை கிடுகிடுவென ஏறியது. டி.டி.ஆர்.4 ரேம் உள்ளவர்கள் அதன் விலையைத் தனியாக விசாரித்துவிட்டு மொத்த விலையைச் சொல்வது புத்திசாலித்தனம்.

உப்புக் காற்றுக்கும் ஒரு கழிவு

கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு பிரச்னை. ஜன்னல் கம்பியைத் தின்னும் உப்புக் காற்று கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவைக்குமா? பின்பக்க ஸ்க்ரூ துருப்பிடித்திருக்கும். யு.எஸ்.பி. பின்கள் பச்சை பூத்திருக்கும். ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர் கேபினெட்டைத் திருப்பி இதைத்தான் முதலில் பார்ப்பார்.

விளம்பரம் போடும் முன் வீட்டிலேயே சிலதைச் சோதித்துவிடலாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பக்கத்துத் தகட்டைக் கழற்றி, மென்மையான பிரஷ்ஷால் தூசு தட்ட வேண்டும். மதர்போர்டில் சின்ன உருளை மாதிரி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உப்பியிருந்தால் அது நோயாளி. ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் தேதி பழைய வருடத்துக்கே ஓடினால் பயப்பட வேண்டாம். போர்டில் இருக்கும் நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கும். அதை மாற்ற ஆகும் செலவு சொற்பம். மாற்றாமல் விட்டால் வாங்க வருகிறவர் 'என்னமோ கோளாறு' என்று ஆயிரம் ரூபாய் குறைப்பார்.

அதே சமயம், நல்ல விலை கிடைக்குமென்று புது எஸ்.எஸ்.டி., புது கீபோர்டு என்று வாங்கிப் போடுவது வீண். போட்ட காசு திரும்பி வராது.

விலை போடும் விதம்

இனி கணக்கு. ஓ.எல்.எக்ஸ். மாதிரித் தளங்களில் அதே பிராசஸர், அதே அளவு மானிட்டர் உள்ள ஐந்து விளம்பரங்களைப் பார்க்க வேண்டும். அவற்றில் 5,000, 5,500, 6,000, 6,500, 11,000 என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரி எடுத்தால் ஏமாறுவோம். அந்த 11,000, இன்னொரு அப்பா போட்ட விலை! அது மாதக்கணக்கில் அப்படியே தூங்கும். நடுவில் இருக்கும் 6,000-ஐ எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதுவும் கேட்கும் விலைதான், கிடைத்த விலை இல்லை. பேரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் 4,800. ஹார்ட் டிஸ்க் இல்லாமல் கொடுப்பதற்கு 500, வேலை செய்யாத முன்பக்க யு.எஸ்.பி.க்கு 300 கழித்தால் 4,000. இதுதான் வீட்டில் வைத்து நேரடியாக விற்றால் எதிர்பார்க்க வேண்டிய தொகை. 4,500 என்று விளம்பரம் போட்டு, 3,700 வரை இறங்கலாம்.

அவ்வளவு அலைய முடியாதவர்களுக்குக் கடை இருக்கிறது. திருவான்மியூரில் பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால், அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம்தான். அங்கே 2,000-க்குக் கேட்டால் ஏமாற்றுகிறார் என்று முறைக்க வேண்டாம். அவர் அதைச் சோதித்து, சுத்தம் செய்து, வாங்குகிறவருக்குச் சில நாள் பொறுப்பேற்று, விற்கும்வரை முதலை முடக்கி வைக்க வேண்டும். வீட்டு விலைக்கும் கடை விலைக்கும் நடுவில் இருப்பது அவருடைய உழைப்பு.

ஆன்லைனில் விற்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. "நான் மிலிட்டரியில் இருக்கேன், க்யூ.ஆர். கோடு அனுப்பறேன், ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துடும்" என்று யாராவது சொன்னால் உடனே போனை வைத்துவிட வேண்டும். யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் பணம் போகும், வராது.

விற்கக் கூடாத ஒன்று

இந்த வீட்டில் மகள் கடைசியாக ஒருமுறை கம்ப்யூட்டரை ஆன் செய்து பார்த்தாள். 'அப்பா' என்ற ஃபோல்டரில் எல்லாருடைய ஆதார், பான் கார்டு நகல்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், வங்கி பாஸ்புக். பிரவுசரைத் திறந்தால் அம்மாவின் மெயில் பாஸ்வேர்டு தானாகவே வந்து நிற்கிறது. இன்னொரு ஃபோல்டரில் பாட்டியின் கடைசிப் பொங்கல் படங்கள். வேறெங்கும் பிரதி இல்லை.

ஐந்நூறு ரூபாய்க்கு இத்தனையும் சேர்ந்து போயிருக்கும்.

டெலீட் செய்தால் போதாதா? போதாது. புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்துவிட்டால் உள்ளே இருக்கும் பக்கங்கள் மறைந்துவிடுமா? அழித்த கோப்புகளை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வேகமாகச் செய்யும் ஃபார்மேட்டும் அப்படித்தான். ஹார்ட் டிஸ்க்கோடு கொடுப்பதானால், தேவையானதைப் பிரதி எடுத்துக்கொண்டு, விண்டோஸ் 'ரீசெட்'டில் எல்லாவற்றையும் நீக்கி, கூடவே டிரைவைச் சுத்தம் செய்யும் வசதியையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குப் பல மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

அதைவிடச் சுலபம், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்வது. இரண்டு கேபிள், நான்கு ஸ்க்ரூ. டெஸ்க்டாப் டிஸ்க்குக்கான யு.எஸ்.பி. கேஸை, தனி பவர் அடாப்டரோடு, கேட்டு வாங்கி மாட்டினால் அது வெளி டிஸ்க்காகப் பல வருடம் உதவும்.

விலையே போகாதவையும் உண்டு. பழைய டப்பா மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. அதைக் காயலான் கடையில் உடைப்பதும், தாமிரத்துக்காக வயரை எரிப்பதும் அக்கம்பக்கத்தார் மூச்சில்தான் போய்ச் சேரும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் இவற்றைக் கொடுப்பதே சரி. யு.பி.எஸ். பேட்டரியை மட்டும் பேட்டரிக் கடையில் கொடுத்தால், புதிது வாங்கும்போது விலையில் கழித்துக்கொள்வார்கள்.

கடைசியில் கம்ப்யூட்டர் 3,800 ரூபாய்க்குப் போனது. பக்கத்துத் தெருவில் பிளஸ் ஒன் படிக்கும் பையனுக்காக அவன் அம்மா வந்து வாங்கினார். "பொட்டைத் துடைச்சுத் தரட்டுமா?" என்று அம்மா கேட்க, "இருக்கட்டும்க்கா, நல்லதுதானே" என்றார் அவர்.

பத்தாயிரம் கேட்ட அப்பா பணத்தை எண்ணக்கூட இல்லை. கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைத் துணியில் சுற்றி, பீரோவில் வீட்டுப் பத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்.