இனிப்பு வேறு, சர்க்கரை வேறு!



எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டம், செட்டிகுளம். மலைக்கோவில் முருகன் கையில் கரும்போடு நிற்பதைத் தரிசிக்க வெளியூரிலிருந்தெல்லாம் வருவார்கள். எங்கள் மாவட்டத்து எறையூரில் அரசு சர்க்கரை ஆலையும் இருக்கிறது. கரும்பு ஏந்திய சாமி ஊரில் இருந்துகொண்டு, சர்க்கரை போடாத சாக்லேட் கேக்கைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று சிரிக்காதீர்கள். எழுத வைத்தது என் மாமியார்.

அத்தைக்கு வயது 64. சர்க்கரை நோய் வந்து ஏழு வருஷமாகிறது. போன பங்குனி உத்திரத்துக்கு வீடு நிறைய உறவுக்காரர்கள். எல்லாருக்கும் லட்டு கொடுத்தேன். அத்தை தட்டில் மட்டும் இரண்டு பிஸ்கட் வைத்தேன். 'உங்களுக்கு ஆகாது அத்தை' என்று நாலு பேர் எதிரில் சொல்லவும் செய்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

அன்று ராத்திரி அடுக்களையில் ஏதோ சத்தம். பூனை என்று நினைத்து விளக்கைப் போட்டேன். அத்தை நின்றுகொண்டிருந்தார். வாயில் லட்டு. மென்று விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல் அவர் நின்ற கோலத்தை என்னால் மறக்க முடியவில்லை. 'ஏம்மா, எல்லாருக்கும் குடுக்கிற கை, என்கிட்ட வந்தா மட்டும் மடங்கிடுதே' என்றார். வெயிலில் வெங்காயம் பிடுங்கி, கடலை ஆய்ந்து, மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். அவரைத் திருடி போல நிற்க வைத்துவிட்டோமே என்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் என் வீட்டுக்காரர் டவுனிலிருந்து ஒரு டப்பா 'சுகர் ஃப்ரீ' சாக்லேட் வாங்கி வந்தார். கொட்டை எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. 'சர்க்கரையே இல்லையாம், பயமில்லாம சாப்பிடு' என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அத்தையும் குழந்தை மாதிரி சந்தோஷமாக நாலு துண்டு சாப்பிட்டார். ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்கு. காலையில் வீட்டிலுள்ள மெஷினில் பார்த்தால் சர்க்கரையும் ஏறியிருந்தது.

காலேஜில் படிக்கும் மகளைக் கூப்பிட்டு, டப்பாவின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னேன். அதில் மால்டிட்டால் என்று ஒன்று இருந்தது. அது சர்க்கரை கணக்கில் வராத ஒரு மாற்று இனிப்பாம். சர்க்கரை அளவுக்கு வேகமாக ஏற்றாது. ஆனால் ஏற்றவே ஏற்றாது என்பதில்லை. நிறைய சாப்பிட்டால் வயிற்றையும் இளக்கும். அந்த எச்சரிக்கையும் பின்னால் இருந்தது, ஆங்கிலத்தில்!

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிப்படி, 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லையென்றால் 'சுகர் ஃப்ரீ' என்று போட்டுக்கொள்ளலாம். அதில் மைதா இருக்கலாம், மாவுச்சத்து இருக்கலாம், மால்டிட்டாலும் இருக்கலாம். ஆக, 'சுகர் ஃப்ரீ' என்பது உள்ளே என்ன இல்லை என்பதைத்தான் சொல்கிறது. என்ன இருக்கிறது என்பதை நாம்தான் திருப்பிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு தப்பும் நம்மிடம் உண்டு. 'வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன், பேரீச்சை போட்டால் ஒன்றும் செய்யாது' என்று பெருமையாகச் சொல்கிறோம். நானும் சொன்னவள்தான். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். பேரீச்சம்பழத்தில் 100 கிராமுக்குச் சுமார் 75 கிராம் மாவுச்சத்து, அதிலும் பெரும்பகுதி சர்க்கரையே. மற்றவர்களுக்கு நல்லதாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிக்கு அது மாற்று இல்லை.

சரி, நாமே செய்தால் என்ன என்று இறங்கினேன். எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. பழைய குக்கர்தான் இருக்கிறது. முதல் தடவை கோகோ பவுடர் என்று நினைத்து டிரிங்கிங் சாக்லேட் பவுடரைப் போட்டுவிட்டேன். அதில் பாதிக்கு மேல் சர்க்கரை! இரண்டாம் தடவை, காப்பிக்குப் போடும் அஸ்பார்டேம் மாத்திரைகளைப் பொடி செய்து போட்டேன். வெந்து வந்தது வேப்பங்காய். அஸ்பார்டேம் சூட்டில் இனிப்பை இழந்துவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மூன்றாம் தடவை சரியாக வந்தது. அந்த அளவை இங்கே தருகிறேன்.

வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 150 கிராம். மிக்சியில் விட்டு விட்டு ஓட்டிப் பொடிக்க வேண்டும். ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் விட்டுக் களியாகிவிடும். அதோடு இனிப்பில்லாத கோகோ பவுடர் 25 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துச் சலித்துக்கொள்ளவும். உருக்கி ஆறவைத்த வெண்ணெய் 75 கிராம், முட்டை மூன்று, எரித்ரிட்டாலும் ஸ்டீவியாவும் கலந்த இனிப்புப் பொடி 60 கிராம், வெனிலா எசன்ஸ் அரை டீஸ்பூன் ஆகியவற்றை நன்றாக அடித்து, பொடியோடு கலக்கவும். வெண்ணெய் தடவிய அலுமினியத் தட்டில் ஊற்றிச் சமப்படுத்தவும்.

குக்கரின் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கண்டிப்பாக எடுத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றக்கூடாது. அடியில் ஓர் அங்குலத்துக்குக் கல்லுப்பு அல்லது மணல் பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்து மூடி, பத்து நிமிஷம் சூடாக்கவும். பிறகு தட்டை உள்ளே வைத்து, சிறு தீயில் 35 முதல் 40 நிமிஷம் விடவும். குச்சியால் குத்திப் பார்த்தால் ஒட்டாமல் வர வேண்டும். நன்றாக ஆறிய பின்தான் வெட்ட வேண்டும். அவசரப்பட்டால் உதிர்ந்துவிடும். 12 துண்டுகள் வரும். முட்டை சேர்க்காதவர்கள் முட்டையையும் பேக்கிங் பவுடரையும் விட்டுவிட்டு, மீதியைப் பிசைந்து தட்டில் அழுத்தி, பிரிட்ஜில் வைத்து பர்பி போல வெட்டிக்கொள்ளலாம். எரித்ரிட்டால் நாக்கில் சற்று ஜில்லென்று இருக்கும். பிரிட்ஜில் வைத்தால் கொஞ்சம் நறநறக்கும். அது கெட்டுப்போனதல்ல.

கணக்கும் போட்டுப் பார்த்தோம். எரித்ரிட்டாலைக் கழித்துவிட்டால் ஒரு துண்டில் சுமார் மூன்றரை கிராம் மாவுச்சத்து. இதையே 150 கிராம் மைதா, 150 கிராம் சர்க்கரை போட்டுச் செய்தால் துண்டுக்கு 23 கிராம் வரும். வித்தியாசத்தைப் பாருங்கள்! ஆனால் கடலையும் வெண்ணெயும் சும்மா இல்லை. துண்டுக்கு ஏறக்குறைய 140 கலோரி. அதனால் ஒரு நாளைக்கு ஒன்று, அதற்கு மேல் கிடையாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பேரப்பிள்ளைகளுக்கும் அதே துண்டு, அதே தட்டு. 'அப்பாயி, எனக்குக் கொஞ்சம் குடு' என்று பேத்தி கேட்டபோது அத்தை முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே!

இதோடு கடிதத்தை முடித்திருப்பேன். அதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

சாக்லேட் நன்றாக வந்த உற்சாகத்தில் அத்தைக்குச் சோற்றையும் பாதியாகக் குறைத்துவிட்டேன், டாக்டரைக் கேட்காமலே! மாத்திரை மட்டும் பழைய அளவு. ஒருநாள் காலை பதினோரு மணிக்கு, திண்ணையில் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தவருக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பேச்சும் குழறியது. பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து, 'லோ சுகர் மாதிரி இருக்கு, இனிப்பு குடு' என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? டப்பாவைத் திறந்து, நான் செய்த சாக்லேட் துண்டை அத்தை வாயில் வைத்தேன். பத்து நிமிஷமாயிற்று. நடுக்கம் நிற்கவில்லை. மகள்தான் கத்தினாள். 'அம்மா, அதுல சர்க்கரையே இல்லையே!'

எனக்குச் சுரீர் என்றது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து மெதுவாகக் குடிக்கக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்தார். உடனே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போனோம். 'சாப்பாட்டைக் குறைச்சா மாத்திரையையும் சரிபார்க்கணும், என்கிட்ட சொல்ல வேண்டாமா?' என்று கண்டித்துவிட்டு, அளவை மாற்றிக் கொடுத்தார்.

நாக்குக்கு இனித்தால் போதுமென்று நான் நினைத்துவிட்டேன். ரத்தத்துக்கு அந்த நேரத்தில் வேண்டியது நிஜச் சர்க்கரை. மாற்று இனிப்பு அப்போது எந்த உதவியும் செய்யாது. சர்க்கரை போட்ட சாக்லேட்டே கூட அதிலுள்ள கொழுப்பால் மெதுவாகத்தான் வேலை செய்யுமாம். குளுக்கோஸ் அல்லது சர்க்கரைத் தண்ணீர்தான் சரி. கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. புரையேறிவிடும், உடனே 108க்குப் போன் செய்ய வேண்டும். எல்லா மாத்திரையும் இப்படித் தாழ்த்தாது. இன்சுலின் போடுபவர்களும் சில வகை மாத்திரை சாப்பிடுபவர்களும்தான் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டு மாத்திரை எந்த வகை என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று இது ஏதோ ஒன்றிரண்டு வீட்டுப் பிரச்னை இல்லை. 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்கிறது. மாத்திரையை வீடு தேடி வந்து கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை நம் மாநில அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கியது. மாத்திரை வாசலுக்கு வந்துவிட்டது. ஆனால் அடுக்களை நம் கையில்தானே இருக்கிறது!

அதற்காக வீட்டில் எல்லாரும் மாற்று இனிப்புக்கு மாறுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஸ்டீவியா, சுக்ரலோஸ் போன்றவற்றை உடல் எடை குறைக்கும் வழியாக நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023 மே மாதம் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கான அறிவுரை அல்ல அது. நோய் இல்லாதவர்கள் இனிப்பையே குறைத்துக்கொள்வதுதான் நல்லது. எங்கள் வீட்டிலும் இந்த சாக்லேட் வாரம் ஒரு முறைதான்.

அரசுக்கும் கம்பெனிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பாக்கெட் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பது இப்போதைய விதி. ஆங்கிலம் படித்த மகள் எல்லா வீட்டிலும் இருப்பாளா? 'சுகர் ஃப்ரீ' என்று முன்னால் பெரிதாகப் போடத் தெரிந்தவர்களுக்கு, மாவுச்சத்து எவ்வளவு, எந்த மாற்று இனிப்பு, வயிற்றை இளக்குமா என்பதைத் தமிழிலும் போடுவதில் என்ன கஷ்டம்? என் மாமியாருக்கு நாலெழுத்துப் படிக்கத் தெரியும், தமிழில்!

சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், அவரைத் தனித்தட்டில் உட்கார வைக்காதீர்கள். எல்லாரும் சாப்பிடக்கூடிய ஒன்றைச் செய்து, எல்லாருக்கும் ஒரே அளவில் கொடுங்கள். சாப்பாட்டை மாற்றும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அப்புறம், எவ்வளவுதான் சர்க்கரை இல்லாத சமையல் செய்தாலும், எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் ஒரு சின்ன டப்பாவில் நிஜச் சர்க்கரை வைத்திருங்கள்.

எங்கள் வீட்டில் அந்த டப்பா சாமி மாடத்தில், கரும்பு முருகன் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அத்தைதான் அந்த இடத்தைச் சொன்னார்.

— ஒரு வாசகி, செட்டிகுளம்.