மல்லிகா என்னும் பெயர்

மல்லிகா என்னும் பெயர் வழக்கொழிந்து வருகின்றதென்றும், அது பாட்டிமார்க்கே உரியதென்றும், இக்காலத்துப் பெண் குழந்தைக்கு அதனை இடுதல் பொருந்தாதென்றும் நம்மவர் பலர் கூறக் கேட்கின்றோம். இக்கூற்றுக்கு நாம் உடன்படுகின்றோமில்லை. சிறப்பாகக் கடத்தூரும் அதனைச் சூழ்ந்த தருமபுரி நாட்டுச் சிற்றூர்களும் இப்பெயரை எளிதிற் கைவிடலாகாது என்பதே நம் கருத்து.

மல்லிகை, மல்லிகா என்னும் இரண்டும் ஒரு சொல்லே. வடமொழியில் ஆகார ஈறாய் நின்றது, மாலா மாலையானாற்போலத் தமிழில் ஐகார ஈறு பெற்றது. பூவுக்குத் தமிழ் வடிவையும் பெண்ணுக்கு வடமொழி வடிவையும் வைத்துக்கொண்டோம். ஏன் இவ்வாறு பிரித்தோம் என வினவுவார்க்கு வழக்கென்பதன்றி வேறு விடையில்லை. குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் அடுக்கிக் கூறும் 99 பூக்களுள் முல்லையுண்டு, மௌவலுண்டு, தளவமுண்டு. மல்லிகை என்னும் சொல் இல்லை. சொல் அங்கில்லையாயினும் இவ்வினத்துப் பூக்களின்மேல் தமிழர் கொண்ட காதல் அத்துணைப் பழையது.

மல்லிகா, யாஸ்மின், ஜாஸ்மின் என மூவர் ஒரே வகுப்பில் அருகருகே அமர்ந்திருத்தல் நம் நாட்டுக் கலாசாலைகளில் அரிதன்று. சமயம் மூன்றாயினும் பெயர்ப்பொருள் ஒன்றே. பாரசீகர் யாசமின் என்றதை அரபியர் ஏற்க, பிரெஞ்சு மொழி வாயிலாக அஃது ஆங்கிலத்திற் புகுந்து ஜாஸ்மின் ஆயிற்று. மேனாட்டில் 1992-இல் வெளிவந்த அலாவுதீன் சித்திரப்படத்து அரசகுமாரியால் அப்பெயர் பின்னும் பரவியது. நம் நாட்டிலும் 1957-இல் ‘மல்லிகா’ என்றொரு படம் வந்ததுண்டு. நீலத்தையும் தசேரியையும் கலந்து டில்லி ஆராய்ச்சி நிலையத்தார் உண்டாக்கிய மாங்கனிக்கும் மல்லிகா என்றே பெயரிட்டனர். மாந்தோப்பு மிகுந்த நம் மாவட்டத்தார்க்கு இதனை நாம் சொல்லவேண்டுவதில்லை.

நிற்க. இப்பெயருடையாருள் வரலாற்றிற் பழையவள் ஒருத்தியை ஈண்டு நினைவூட்ட விரும்புகின்றோம். அவள் கோசல நாட்டுச் சாவத்தி நகரில் மாலை தொடுப்பவன் ஒருவனுக்கு மகளாய்ப் பிறந்து, பசேனதி அரசனுக்குத் தேவியானவள் என்று பௌத்த நூல்கள் கூறும். அரசன் ஒருநாள் புத்தரோடு அமர்ந்திருக்கையில், மல்லிகாதேவி பெண் மகவு ஈன்றாள் என்று ஒருவன் வந்து செவியிற் சொன்னான். கேட்ட அரசன் மகிழ்ந்தானல்லன். அதனையறிந்த புத்தர், பெண் ஆணினும் மேம்பட்டு விளங்கக்கூடும் என எடுத்துரைத்து, அக்குழந்தையைப் பேணி வளர்க்குமாறு அரசனைப் பணித்தார். சங்யுத்த நிகாயத்துள் இச்செய்தி காணப்படும். அரண்மனையிற் செல்வத்துக்குக் குறைவில்லை. ஆயினும் பெண் என்றதும் தந்தையின் மனம் சுருங்கியது. வறுமையொன்றே பெண்வெறுப்பிற்குக் காரணம் என்பார் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

அச்சுருக்கம் நம் பக்கத்தில் எவ்வளவு கொடியதாயிற்று என்பதை நாம் மறைத்தல் தகாது. பெற்றோர் கைவிடும் பெண் சிசுக்களை ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இற் சேலத்தில் தொடங்கிற்று. 2001-இல் அது தருமபுரிக்கும் வந்தது. அவ்வாண்டுக் குடிக்கணக்கில், இன்றைய தருமபுரி மாவட்ட எல்லைக்குள், ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 826 பேரே இருந்தனர். 2011-இல் இத்தொகை 900-ஐக் கடந்தது. மகிழத்தக்க ஏற்றமே, எனினும் குறை முற்றும் தீர்ந்ததன்று.

இத்தகைய நாட்டிற் பெண் குழந்தைக்கு இடும் பெயர் வெறும் அணிகலம் ஆகாது. வேண்டாம் என்றும் போதும்பொண்ணு என்றும் பெயர் சுமந்து பள்ளிக்குச் சென்ற பெண்கள் தமிழகத்திற் பலருளர். ஆசிரியர் ஒவ்வொரு காலையிலும் பதிவேட்டைத் திறந்து, ‘நீ வேண்டாதவள்’ என்று அச்சிறுமியை அழைத்தவாறாயிற்று. பூவின் பெயரோ, வந்தவளை வீட்டார் விரும்பினர் என்பதை ஊரறியச் சொல்லுகின்றது. பெயரால் உயிர் பிழைக்குமோ, சட்டமும் கல்வியுமன்றோ வேண்டும் எனின், அவை வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. கருவிலே பாலறிந்து அழிப்பதைத் தடுக்க 1994-இற் சட்டம் வந்தது. ஆனால் வீட்டிற்குள் ஒரு குழந்தையை எவ்வாறு அழைப்பது என்பதைச் சட்டம் கூறாது.

கடத்தூர்ப் பக்கத்திற் குண்டுமல்லி ஓர் உழவுப்பொருள். மொட்டு விரியுமுன் விடியற்கருக்கலிற் பறித்தாலன்றி விலை பெறாது. கைவிளக்கோடு கொல்லையில் இறங்குவோருட் பெரும்பாலார் பெண்களே. அவருழைப்பால் வீட்டிற் சோறு வேகின்றது. அப்பூவின் பெயரை மகளுக்கு இட நாணுவானேன்? பொருள் கேட்டால் பெற்றோரும் விழிக்கும் பெயர்களைச் சோதிடப் புத்தகத்தினின்று எழுத்தெண்ணித் தேடுகின்றனர். அவற்றுட் சில உரியவளே பிழையின்றி எழுத இயலாதவை. மல்லிகா இனிக்கவில்லையெனின் முல்லை உண்டு, மலர்க்கொடி உண்டு, செண்பகம் உண்டு.

இன்னுமொன்று. பெயரின்றிப் பிறப்பைப் பதிந்தோர், பதிந்த நாள்முதல் 12 மாதத்திற்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். இதனையறியாத குடும்பங்கள் நம் சிற்றூர்களில் உள. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் தத்தம் தெருவில் இதனைக் கேட்டறிந்து, வேண்டுவார்க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பாராக.